உப்புமூட்டை

ஜூன் 3, செவ்வாய்

கோயம்புத்தூர் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. எண்பத்திரண்டு நாள் இருக்கிறது.

சுவரொட்டியில் சிந்துஜாவின் படம். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். 'மாநிலச் சாம்பியனை எதிர்கொள்ளத் தயாரா?' என்று கீழே ஒரு கேள்வி. தயார்.

லென்ஸ் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் வெறுமையாகக் கிடந்தது. அவளைத் தோற்கடிக்கும் வரை இதில் எழுதுவேன். அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இருக்காது.

ஜூன் 5, வியாழன்

பள்ளிக்கூடம் திறக்கும் வாரம் என்பதால் கண்ணாடிக் கடையில் கூட்டம். இருபத்தாறு பேருக்குக் கண் பரிசோதித்தேன். "முதல் கண்ணாடியா, ரெண்டாவதா, எதுல தெளிவா தெரியுது?" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது கேட்கிறேன். பாதிப் பேர் என்னைத் திருப்திப்படுத்தப் பதில் சொல்வார்கள். வாயைக் கேட்கக் கூடாது, பதிலுக்கு முன்னால் வரும் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். சிந்துஜாவும் இதே படிப்புதான், இதே கல்லூரி, ஒரே விடுதி அறை. இடைவெளியைக் கவனிக்க அவளுக்கு வரவே இல்லை. ஆனால் மேடை வந்தது.

பூதக்களம் தெரியாதவர்கள் இந்த டைரியைப் படிக்கப் போவதில்லை. யாருமே படிக்கப் போவதில்லை. ஆனாலும் எழுதி வைத்தால் எனக்குத் தெளிவு. போனில் ஆடும் விளையாட்டு. ஆளுக்கு ஆறு பூதங்கள். ஆட்டத்துக்கு முன் இரண்டு பேரும் அடுத்தவரின் ஆறையும் பார்த்துக்கொள்ளலாம். பிறகு அதிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுத்து இரண்டிரண்டாகக் களத்தில் இறக்க வேண்டும். வேகமான பூதம் முதலில் அடிக்கும். நான்கும் விழுந்தால் தோல்வி.

இன்னொரு விதி. ஒரு பூதத்தை முட்டையிலிருந்து பொரித்தவர் என்ன பெயர் வைக்கிறாரோ அதுதான் அதற்குக் கடைசிவரை. வேறொருவர் கைக்குப் போனாலும் மாற்ற முடியாது.

சிந்துஜாவின் ஆறு பூதங்களுக்குப் பெயர்: பழைய ஸ்டாண்டு, குகை, லைன்மேடு, அன்னதானப்பட்டி, தாதகாப்பட்டி, சீலநாயக்கன்பட்டி.

அப்பா சேலத்தில் டவுன் பஸ் கண்டக்டர். இருபத்தி மூன்று வருடம் ஒரே தடம். எங்கள் வீடு லைன்மேட்டில். அந்த நிறுத்தம் வரும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் இழுத்து, "லைன்மேடுலாம் எறங்கு" என்பார். அவர் தடத்து நிறுத்தங்களின் பெயரில் அந்த ஆறும் நான் பொரித்தவை. ஒரு நல்ல மின்கீரி கிடைக்க நானூற்றுப் பதினோரு முட்டை பொரித்தேன். அதற்கு லைன்மேடு என்று பெயர் வைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மாநிலப் போட்டியில் அந்த ஆறை வைத்துத்தான் அவள் ஜெயித்தாள். மேடையில் தொகுப்பாளர் மைக்கை நீட்டி, "இந்த அணியை உருவாக்க யார் உதவினாங்க?" என்று கேட்டார். நான் அப்போது அரசு மருத்துவமனையில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள்: "யாரும் இல்லைங்க. நானே பண்ணினதுதான்."

பெயர்களைப் பற்றிக் கேட்டதற்கு, "சும்மா ரைமிங்கா வெச்சேன்" என்று சிரித்தாள். நாமக்கல்காரி.

ஐந்து நாள் கழித்து அப்பா போனார்.

ஜூன் 9, திங்கள்

318 என்று முடியும் எண்ணிலிருந்து இரண்டு தடவை அழைப்பு. எடுக்கவில்லை.

ஜூன் 14, சனி

இணையத்தில் பயிற்சி ஆட்டம் ஆடுவதற்கு ஆள் கிடைத்திருக்கிறது. சகாயராணி, தூத்துக்குடி. வயது நாற்பதுக்கு ஒன்று குறைவு. உப்பளத்தில் எடைமேடையில் வேலை. லாரிக்கும் லாரிக்கும் இடையில் ஆடுகிறார். மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் திடீரென்று காணாமல் போனார். கோபம் வந்தது. ஐந்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"ஏ புள்ள, வையாத. ஒரே நேரத்துல ரெண்டு வண்டி வந்துட்டு. ஒருத்தன் சீட்டு போட்டுக் குடுன்னு நிக்கான், ஒரு பக்கம் உன் வௌவால் என்னைய நெருப்பால பொசுக்குது. நான் யாரப் பாக்க?"

"லாரியைப் பாருங்கக்கா. ஆட்டம் எங்கயும் போயிடாது."

"போயிட்டே. தோத்துட்டம்லா."

சிரித்துவிட்டேன். காலை ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை, மதியம் ஒன்றரைக்குச் சாப்பாட்டு நேரத்தில் என்று பேசி வைத்திருக்கிறோம். கெட்டிக்காரி. எதற்கு இந்தப் போட்டி என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

என் புதிய ஆறு தயார். சிந்துஜாவின் ஒவ்வொரு பூதத்தையும் விட ஒரு மாத்திரை வேகமான பூதம் என்னிடம் இருக்கிறது. அவள் நெருப்புக்கு என் தண்ணீர். அவள் மின்னலுக்கு என் மண். அவளைச் செய்தவள் நான். அவிழ்க்கவும் எனக்குத் தெரியும்.

இவற்றுக்கு நான் பெயர் வைக்கவில்லை. ஆயுதத்துக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஈரோட்டில் சின்னப் போட்டி. முப்பது பேர். ஒத்திகைக்காகப் போனேன். இரண்டாவது சுற்றிலேயே வெளியே. ஒரு வங்கி ஊழியர், மூக்குக் கண்ணாடி சரிந்து சரிந்து விழுகிறது, அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே என்னை அடித்தார். அவருடைய அணியில் நெருப்பும் இல்லை, மின்னலும் இல்லை. என் ஆறும் அவர் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. போகும்போது அவர் பிரேமின் காதைச் சூடுபண்ணி வளைத்துக்கொள்ளச் சொன்னேன். நன்றி சொன்னார். எரிச்சலாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது சகாயராணி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிந்துஜா, ஆறு பெயர்கள், மைக், அந்த வாக்கியம். அப்பாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

எடைமேடையில் ஏதோ லாரி ஏறும் சத்தம் கேட்டது.

"அப்போ நீ ஒருத்திய அடிக்கதுக்கு ஆறு பேர வளத்திருக்க."

"ஆமாக்கா."

"அவ வந்து உன் முன்னால உக்காரணும்னா, அதுக்கு முன்னால ஏழெட்டுப் பேர நீ தாண்டணும். அவங்க என்ன பாவம் பண்ணுனாவ? அவங்களுக்கும் கொஞ்சம் அடி வச்சிருக்கணும்லா."

ஜூன் 24, செவ்வாய்

மதியம் அக்கா ஒரு யோசனை சொன்னார். பூதக்களத்தில் மணிச்சிலந்தி என்று ஒன்று உண்டு. அதன் வித்தையைப் போட்டால் நான்கு சுற்றுக்கு நேரம் தலைகீழாகும்: மெதுவான பூதம் முதலில் அடிக்கும், வேகமானது கடைசியில். யாரும் பயன்படுத்துவதில்லை. போடும்போதே சிலந்தி செத்துப்போகும் என்பதால்.

"வேகமா ஓடுதவள வேகத்துல ஜெயிக்க முடியாது புள்ள. நான் தெனம் பாக்கேன்லா, வெறும் வண்டி பறந்து வரும். லோடு வண்டி மொனங்கிக்கிட்டுதான் வரும். மேடைய அமுக்கறது எது?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு சுற்று என்பது மிகக் குறைவு. பழைய பாணி வேறு. அக்காவுக்குப் போட்டி அனுபவம் கிடையாது.

ஜூன் 29, ஞாயிறு

என் திட்டம் இது. வேகத்தைக் கைவிடுகிறேன். மணிச்சிலந்தியை முதல் சுற்றிலேயே இறக்கி நேரத்தைத் தலைகீழாக்குவேன். பக்கத்தில் கனமான, மெதுவான பூதம். சிந்துஜாவின் ஆறும் வேகத்துக்காகவே நான் செதுக்கியவை. அந்த வேகமே அவளுக்குக் கால்விலங்கு ஆகும். யார் முன்னால் வந்தாலும் இது வேலை செய்யும்.

இதை யோசித்த நிமிடத்தில் உடம்பு சிலிர்த்தது.

ஜூலை 4, வெள்ளி

முட்டை பொரிக்கிறேன். கல் ஓடு சுமக்கும் ஆமைப் பூதம், கல்லாமை வேண்டும், எல்லாவற்றையும் விட மெதுவானது. நூற்று எண்பது முட்டையில் ஒன்றுகூட உருப்படியில்லை. அம்மா கடையிலிருந்து ரவை வாங்கி வரச் சொன்னது மறந்துபோய் சேமியா வாங்கி வந்துவிட்டேன்.

"உப்புமாவுக்கு எது போட்டா என்ன, உனக்கு ருசி தெரியவா போவுது" என்றாள் அம்மா.

ஜூலை 8, செவ்வாய்

அக்கா தன்னிடமிருந்த கல்லாமையை எனக்கு அனுப்பினார். விளையாட்டில் இருக்கும் கல்லாமைகளிலேயே இதைவிட மெதுவானது இருக்க முடியாது, எண்களைப் பார்த்தால் தெரிகிறது. ஏழு மாதம் பொரித்தாராம். பெயர்: உப்புமூட்டை.

"மெதுவா வளத்த புள்ள. பாத்து வச்சுக்கோ."

"போட்டி முடிஞ்சதும் திருப்பி அனுப்பிடுறேன்க்கா."

"அதுக்கென்ன. நீ ஆடும்போது நேரலைய எங்க வீட்டு டிவில போடப்போறேன். எம் மவளுக்கு, எங்க வீட்டு ஆளுக்கு, எடைமேடையில ரெண்டு பேருக்குன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். ரெண்டு வருசமா, இவ போன வச்சுக்கிட்டு என்னத்தையோ நோண்டுதான்னுதான் சொல்லுதாவ. அன்னைக்கி பாக்கட்டும், நான் நோண்டுனது எங்க வரைக்கும் போயிருக்குன்னு."

"கண்டிப்பாக்கா."

ஜூலை 13, ஞாயிறு

வென்றால் மேடையில் அதே கேள்வி வரும். தொகுப்பாளர்கள் எல்லோரும் அதையே கேட்கிறார்கள், போன வருடப் போட்டிகளின் பதிவுகளைப் பார்த்துவிட்டேன். அப்போது சிந்துஜா தோற்றவளாய் மேடையிலேயே நிற்பாள். அவள் கண்ணைப் பார்த்து அவள் சொன்ன வாக்கியத்தை ஓர் எழுத்து மாறாமல் அவளிடம் திருப்பிச் சொல்வேன்.

யாரும் இல்லைங்க. நானே பண்ணினதுதான்.

கண்ணாடி முன் நின்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை நன்றாக வந்தது. வஞ்சம் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எல்லாப் புத்தகத்திலும் வஞ்சம் வைத்தவர் கடைசியில் களைத்துப்போய்க் கத்தியைக் கீழே போட்டுவிடுகிறார். எழுதியவருக்குக் களைப்பு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு வரவில்லை. காலையில் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சோறு பிடிக்கிறது. இரண்டு வருடத்தில் இவ்வளவு நன்றாக நான் இருந்ததில்லை.

ஜூலை 17, வியாழன்

318 எண். ஒரு தடவை.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "யாரு கண்ணு அது, போன் அடிக்குது, நீ கவுத்து வெக்கிற?"

"கடையில இருந்தும்மா."

"ஞாயித்துக்கெழம என்ன கடை. அந்த நாமக்கல் புள்ளதானே. உங்கப்பா பதினாறாம் நாளுக்கு வந்துச்சு. நீ கதவச் சாத்திட்டுப் படுத்திருந்த. பாத்திரமெல்லாம் கழுவிக் குடுத்துட்டு, சாயங்காலம் வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போச்சு."

"எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியும். நான்தான் கதவத் தட்டிச் சொன்னேன்."

அன்று எனக்குக் காய்ச்சல். அப்படித்தான் நினைவு.

ஜூலை 28, திங்கள்

கடைக்கு வந்த ஒரு பெரியவர் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கச் சான்றிதழ் வேண்டுமாம். கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். பலகையை மாற்றி வைத்தேன். அப்போதும் அதே எழுத்துகளைத்தான் ஒப்பித்தார்.

ஒன்றை இந்த டைரியில் எழுதாமல் விட்டிருக்கிறேன். மாநிலப் போட்டிக்கு முந்தின வாரம் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். சித்தப்பா வராந்தாவில் வைத்து, "அப்பன் இப்படிக் கெடக்கான், நீ போன்ல வெளையாடிட்டு இருக்கற" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அன்று சாயங்காலம் சிந்துஜாவுக்குப் போன் செய்து, ஆறையும் அவளுக்கு அனுப்பி, நீயே போய் ஆடு என்றேன். அவள் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. கடைசியில், "என் பேரை மட்டும் எங்கயும் சொல்லிடாதடி, வீட்டுல கொன்னுடுவாங்க" என்றேன்.

சொன்னேன்தான். ஆனால் அப்படிச் சொன்னால் அப்படியே செய்துவிடுவதா? ஒரு பெயர் சொல்லாமல் 'என் தோழி' என்றிருக்கலாம். 'ஒருத்தி' என்றிருக்கலாம். 'யாரும் இல்லை' என்பது வேறு. என் கணக்கில் அது வேறுதான்.

இதனால் எதுவும் மாறவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அக்காவுடன் பதினைந்து ஆட்டம். பன்னிரண்டில் வெற்றி. அவர் சிந்துஜாவைப் போல ஆடுகிறார், நான் சொல்லிக்கொடுத்தபடி. சிந்துஜாவுக்கு ஒரு பழக்கம்: கடைசிப் பூதமாக எப்போதும் லைன்மேட்டைத்தான் வைத்திருப்பாள். மற்ற மூன்றையும் பலி கொடுப்பாள், அதைக் கொடுக்க மாட்டாள்.

"ஏம் புள்ள அந்தக் கீரிய மட்டும் பொத்திப் பொத்தி வைக்கா?" என்று அக்கா கேட்டார்.

"தெரியலக்கா. முட்டாள்தனம்."

"உப்புமூட்டைய கடைசி வரைக்கும் வெளிய காட்டாத. நாலாவதா வையி. சிலந்தி ரெண்டாந்தரம் எழும்பும்னு அவ நெனைக்க மாட்டா. அந்த எழுப்புற மருந்த சிலந்திக்குக் குடு."

ஆகஸ்ட் 9, சனி

சிலந்திக்கு உயிர் எழுப்பும் மருந்து கொடுத்துவிட்டேன். இப்போது நேரத்தை இரண்டு தடவை தலைகீழாக்கலாம். இப்படி ஒரு அணி இதுவரை யாரும் செய்ததில்லை. என்னுடையது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடை முதலாளியிடம் ஞாயிறு விடுப்பு கேட்டேன். கல்யாணமா என்றார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

ஒரு தனியார் கல்லூரியின் அரங்கம். நூற்று இருபது பேர். அரங்கமெங்கும் சமோசா வாசனை. காலையிலிருந்து ஏழு ஆட்டம். ஐந்தில் மணிச்சிலந்தி முதல் சுற்றிலேயே நேரத்தைத் திருப்பியது. எதிரே உட்கார்ந்தவர்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகமாக ஓடிப் பழகியவர்கள், முன்னால் நிற்கும் ஒரு ஆமை தங்களை முந்துவதைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறார்கள், பவர் மாறின கண்ணாடியைப் போட்டவர்கள் மாதிரி. அரையிறுதியில் ஈரோட்டு வங்கி ஊழியர். பிரேமைச் சரிசெய்திருந்தார். தோற்றதும் எழுந்து கை கொடுத்து, "அன்னைக்கி வந்த பொண்ணா நீங்க" என்றார்.

ஒவ்வொரு தடவையும் அறிவிப்பாளர், "களத்துல இறங்குது, உப்புமூட்டை" என்றார். அரங்கம் சிரித்தது. மூன்றாவது ஆட்டத்திலிருந்து அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். போனில் அக்காவின் செய்திகள் வந்து குவிந்தன. எங்க வீட்ல எல்லாரும் இருக்கோம். எம் மவ சத்தம் தெருவுக்கே கேக்கு. எதிர்வீட்டுக்காரவளும் வந்துட்டா.

இறுதி ஆட்டம் மேடையில். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும்.

சிந்துஜா மெலிந்திருந்தாள். எதிரே வந்து உட்கார்ந்து, "கோதை" என்றாள். "பூங்கோதைன்னு முழுப்பேரைச் சொல்லச் சொல்லுங்க" என்று நடுவரைப் பார்த்துச் சொன்னேன்.

திரையில் அவளுடைய ஆறும் வந்தன. அதே ஆறு. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவற்றை இவ்வளவு அருகில் பார்க்கிறேன். ஒன்றைக்கூட அவள் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் இன்னும் நிறையப் போட்டி ஜெயித்திருக்கலாம். அவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

முதல் ஆட்டம் அவளுக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் நேரத்தைத் திருப்பினேன். குகை விழுந்தது, தாதகாப்பட்டி விழுந்தது. அவள் நான்கு சுற்றையும் தாக்குப்பிடித்து என்னுடையதில் இரண்டை வீழ்த்தினாள். இனி நேரம் தன் பக்கம் என்று நினைத்திருப்பாள். செத்த சிலந்தி எழுந்தது. மறுபடியும் திருப்பினேன். நாலாவதாக உப்புமூட்டை இறங்கியது. அரங்கம் முழுக்க அந்தப் பெயரைக் கத்தியது. சீலநாயக்கன்பட்டி விழுந்தது.

அவளிடம் மிஞ்சியது லைன்மேடு. நான் எதிர்பார்த்தபடியேதான்.

ஒரே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். விரல் மேலே நின்றது. நானூற்றுப் பதினோரு முட்டை. நான் எப்போது அழுத்தினேன் என்று தெரியவில்லை. அறிவிப்பாளர், "லைன்மேடு விழுந்தாச்சு" என்று குரலை இழுத்துச் சொன்னார். அந்த இழுப்பு அப்பாவுடையது மாதிரியே இருந்தது.

பிறகு கோப்பை, கைதட்டல், மாலை. தொகுப்பாளர் மைக்கை நீட்டினார். "முதல் தடவையா வந்து ஜெயிச்சிருக்கீங்க. இந்த அணியை உருவாக்க யார் உதவினாங்க?"

சிந்துஜா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்த்தேன். கண்ணாடி முன் சொன்னதைவிட நன்றாகவே வந்தது.

"யாரும் இல்லைங்க. நானே பண்ணினதுதான்."

அவள் முகம் மாறியது. அதைப் பார்த்தேன். எண்பத்திரண்டு நாள் காத்திருந்தது அதற்குத்தான். ஒரு மூச்சு நேரம், முழுசாக, இனித்தது.

மேடைக்குப் பின்னால் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் வந்தாள்.

"நல்லா ஆடினடி."

டம்ளரில் தண்ணீர் பிடித்தேன்.

"அந்த வார்த்தை எனக்காகச் சொன்னதுன்னு புரிஞ்சுது. வாங்கிக்கிட்டேன். நீ சொல்லாதேன்னு சொன்ன, சொல்லல. தப்புதான். உன் பேரை விட்டுட்டு வேற என்னத்தையாவது சொல்லியிருக்கலாம். மைக்கைப் பாத்ததும் பயந்துட்டேன். அதைச் சொல்லத்தான் ரெண்டு வருசமா போன் பண்றேன்."

"இப்ப சொல்லிட்ட இல்ல."

"ஒண்ணு கேக்கறேன். அந்த ஆமை யாரோடது?"

"என்னோடது."

"பொய் சொல்லாத. உன் அணியில அஞ்சுக்குப் பேரே கெடையாது. அதுக்கு மட்டும் இருக்கு. அதுவும் உப்புமூட்டை. நீ ஊர்ப் பேருதான் வைப்ப, எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உயரவே இல்லை. "யாரோ ஒருத்தர் பொரிச்சுக் குடுத்திருக்காங்க. அவங்க பேரைச் சொல்லாதேன்னு உங்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா?"

தண்ணீர் கேனின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மூடினேன். சொட்டுவது நிற்கவில்லை.

"போனை எடு," என்றாள். "உன் ஆறையும் அனுப்பறேன். பேரை என்னால மாத்த முடியல. மாத்த முடிஞ்சிருந்தாலும் மாத்தியிருக்க மாட்டேன்."

ஒவ்வொன்றாக வந்தன. பழைய ஸ்டாண்டு, குகை, அன்னதானப்பட்டி, தாதகாப்பட்டி, சீலநாயக்கன்பட்டி. லைன்மேட்டைக் கடைசியாக அனுப்பினாள்.

போனில் மதியம் முழுக்க வந்துகொண்டிருந்த அக்காவின் செய்திகள், கோப்பை வாங்கிய நேரத்தோடு நின்றிருந்தன. கடைசிச் செய்தி: மைக்கு குடுக்காவ பாரு, எல்லாரும் சும்மா இருங்கன்னு சொல்லிட்டேன்.

அவினாசி தாண்டிவிட்டது. இனி எழுத முடியாது.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலை ஆறு மணிக்கு அக்கா இணையத்துக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

போட்டி அமைப்பாளர்களுக்கு எழுதினேன். மேடையில் நான் சொன்னது பொய், இந்த அணியின் யோசனையும் கல்லாமையும் தூத்துக்குடி சகாயராணியுடையவை, பதிவில் சேர்க்க முடியுமா என்று. பேட்டியை மாற்ற வழியில்லை, அடியில் குறிப்பாக வேண்டுமானால் போடலாம் என்று பதில் வந்தது. போடுங்கள் என்றேன். யார் படிக்கப் போகிறார்கள்? எதிர்வீட்டுக்காரி படிக்கப் போவதில்லை.

ஜூன் 24 பக்கத்தையும் 29 பக்கத்தையும் சேர்த்து வைத்துப் படித்தேன். நடுவில் ஐந்தே நாள்.

ஆகஸ்ட் 27, புதன்

மதியம் அக்காவிடமிருந்து குரல் செய்தி. மூன்று தடவை கேட்டேன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஏ புள்ள, ஜெயிச்சிட்டியே. ரொம்ப சந்தோசம். ரெண்டு நாளா வண்டி ஜாஸ்தி, பேச முடியல. எம் மவதான் கேட்டா, ஏம்மா அந்தக்கா உன் பேரச் சொல்லலன்னு. மேடையில நேரம் இருந்திருக்காதுட்டின்னு சொன்னேன். உண்மதான, நேரம் இருந்திருக்காது. உப்புமூட்டைய உனக்குத் தோணும்போது அனுப்பு. அவசரம் இல்ல. வச்சிரட்டா."

நேரம் இருந்தது. நான்கு சொல் சொல்லும் அளவுக்கு இருந்தது. அவர் பெயர் ஒரே சொல்.

உப்புமூட்டையை அனுப்பவில்லை. அனுப்பிவிட்டால் அவரைக் கூப்பிடக் காரணம் இருக்காது. வாயால் சொல்லிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அவர் மகளிடம் சொல்ல வேண்டும், எதிர்வீட்டுக்காரி பக்கத்தில் இருக்கும்போது.

நாலு மணிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. லாரி வந்திருக்கும்.

நாலரைக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஐந்து மணிக்குக் கடையில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். முதல் கண்ணாடியா, ரெண்டாவதா என்று கேட்டேன். ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு என்றார். ஐந்தரைக்கு மறுபடி கூப்பிட்டேன். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது.

இன்றைக்கு வண்டி ஜாஸ்தி. நாளைக் காலை ஆறு மணிக்குக் கூப்பிடுவேன்.